மூன்று முறை வடிகட்டிய தண்ணீர்

ஜோகுபாளையத்தில் ஆயிரத்து நானூறு அடி ஆழத்துப் போர்வெல் தண்ணீரை எட்டு மாதம் குடித்ததில் வெங்கடராமனின் எடை இருநூற்றுப் பதினான்கு கிலோ ஆயிற்று. சட்டை அளவு மட்டும் பழைய முப்பத்தெட்டுதான். காவிரிக் குழாய் வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆன கோடையில், பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து போட்ட போர்வெல் அது. முதலில் லிஃப்ட் அவரைத் தூக்க மறுத்தது. பிறகு பிரம்பு நாற்காலி போயிற்று. ஒருமுறை ஏற்றிய ஆட்டோக்காரர் மறுமுறை நிறுத்தவில்லை. முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர் என்பதால் அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. கூடத்தில் ஜமக்காளம் விரித்து அதிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்தார். மற்ற வீடுகளிலும் ஆளுக்கு எழுபது, எண்பது கிலோ கூடியிருந்தது. வெளியே தெரிந்தால் வாடகைக்கு ஆள் வராது என்று யாரும் வாய் திறக்கவில்லை.

அவருடைய மனைவி பாகீரதி பெண்கள் பள்ளியில் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவள். பால் பாக்கெட்டில் போட்ட தேதியையே இரண்டு பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். லிட்டருக்கு இருநூற்றுப் பத்து மைக்ரோகிராம் யுரேனியம் என்று வந்தது. முப்பதைத் தாண்டக் கூடாது. அதைவிடப் பெரிய இடி, கணவருக்கென்று அவள் தினமும் தண்ணீரைச் சுண்டக் கொதிக்கவைத்துக் கொடுத்தது. கொதித்தால் ஆவியாவது தண்ணீர்தான். யுரேனியம் பாத்திரத்தைவிட்டு நகராது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லையே என்று அன்றைக்கு வெகுநேரம் அழுதாள். மகள் நிருபமாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். சீமந்தம் முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டும். அந்தப் பெண்ணுக்கும் வயிற்றில் இருப்பதற்கும் எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்பது மட்டுமே அதன்பின் பாகீரதியின் கவலை.

காக்ஸ் டவுனிலிருந்து டெரிக் என்பவர் தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மிஷினோடு வந்தார்.

"இருநூறு இருக்கிறது நாலுக்கு வந்துடும் மேடம். நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற ஆளு, பொய் சொல்ல மாட்டேன்."

கேட்காமலே சத்தியம் செய்கிறவனை எப்படி நம்புவது? போர்வெல், காவிரி, வடிகட்டியது என்று மூன்று பாட்டிலில் மூன்று தண்ணீரை ஊற்றி, பேர்களை மாற்றி ஒட்டி, பால்காரர் கிருஷ்ணப்பாவின் பேரில் வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். வடிகட்டிய தண்ணீரில் சரியாக நாலு. குற்றம் கண்டுபிடிக்க முடியாமல் போனது அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. டெரிக் பன்னிரண்டு வீட்டிலும் மிஷினை மாட்டினார்.

"சரி, நீங்க எடுத்தது எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள்.

"அது ரிஜெக்ட் பைப்புல போயிடும் மேடம்."

போயிடும் என்றால் எங்கே? இரண்டு மாதம் கழித்துப் போர்வெல் தண்ணீர் தொள்ளாயிரம் காட்டியபோது, அடுக்களையிலிருந்து அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே மூன்று மாடி இறங்கினாள். அது போர்வெல்லுக்குப் பக்கத்தில் இருந்த மழைநீர்க் குழியில் போய் முடிந்தது. பன்னிரண்டு வீட்டுச் சங்கத்தின் செயலாளர் சந்திரசேகரனின் ஏற்பாடு. கூட்டத்தில் இதற்காகக் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

"ஒரு சொட்டுகூட வேஸ்ட் ஆகக் கூடாதுன்னுதான் மேடம்..."

"பேஷ்! நாமளே கீழ அனுப்பி நாமளே மேல இழுத்துண்டிருக்கோம்."

குழாயைச் சாக்கடைக்குத் திருப்புவதற்குச் சங்கத்துக்குள் ஒரு மாதம் சண்டை நடந்தது. அதற்குள் சீமந்தமும் முடிந்து நிருபமா வந்துவிட்டாள். வடிகட்டியதில் இப்போது பதினெட்டு. முப்பதுக்குக் கீழேதான். ஆனால் பாகீரதிக்கு எந்த எண் மேலும் நம்பிக்கை போய்விட்டிருந்தது. முதல் மிஷினின் தண்ணீரை இரண்டாவதில் விட்டு, அதை மூன்றாவதில் விடச் சொன்னாள்.

டெரிக் தலையைச் சொறிந்தார். "இவ்ளோ வேணாம் மேடம். உப்பு, சுண்ணாம்பு எதுவுமே இருக்காது. வெறும் தண்ணி."

விற்கிறவனே வேண்டாம் என்றால் அதில் என்னமோ இருக்கிறது என்று அவள் உடனே மூன்றையும் மாட்டவைத்தாள். நிருபமா ஒன்றரை மாதம் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். வாயில் ஒன்றுமே போகாத மாதிரி இருக்கு என்று முதல் வாரம் முணுமுணுத்தாள், பிறகு பழகிவிட்டாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆண். அழுகை ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது. எடை மிஷினில் கிடத்தினார்கள், முள் அசையவில்லை. வேறு மிஷின் கொண்டுவந்தார்கள். அப்போதுதான் குழந்தை தட்டுக்கு ஓர் அங்குலம் மேலே படுத்திருப்பதை நர்ஸ் மமதா கவனித்தாள். பால் நன்றாகக் குடிக்கிறது, வேறு குறை ஒன்றுமில்லை, போகப் போக இறங்கலாம் என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். சந்தேகப்பட இந்த முறை பாகீரதிக்குத் தன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள். தொட்டிலில் விட்ட குழந்தை மெல்ல எழும்பி விட்டத்தடியில் போய் நின்றது. நிருபமா ஸ்டூல் மேல் ஏறி இறக்குவாள், அது மறுபடி போகும். மூன்றாம் நாள் மத்தியானம், "இப்படிக் கொண்டா" என்றார் வெங்கடராமன், ஜமக்காளத்தில் இருந்தபடியே. நீட்டிய சுண்டுவிரலைக் குழந்தை இறுகப் பிடித்துக்கொண்டது. அவரை அசைக்க யாரால் முடியும்? அவர் மடிக்கு நாலு விரற்கடை மேலே அது நிம்மதியாகத் தூங்கிப்போயிற்று.

பாகீரதி ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்தப் பிடியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் மின்விசிறியைப் போட்டாள்.