மேல்தட்டில் விட்ட தண்ணீர்

1

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் மொகலாயர்கள் போட்ட தோட்டங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் இந்தக் கதை வந்து விழுந்தது. மலை ஊற்றை மேலே பிடித்து, தட்டுத் தட்டாக இறக்கி, கீழே ஏரியில் சேர்த்திருக்கிறார்கள். மேல்தட்டு அந்தப்புரத்துக்கு. நடுத்தட்டு பாதுஷாவுக்கு. கீழ்த்தட்டு

இந்த இடத்தில்தான் செய்தி வந்தது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மீனவன் சகாதேவனின் படகு கவிழ்ந்துவிட்டது. உடல் கிடைக்கவில்லை.

(கீழ்த்தட்டு ஊராருக்கு. வாக்கியத்தை முடித்துவிடுகிறேன், பாவம்.)

2

முதல் தொடக்கம்: "ஏரியோரப் பசியாவரத்தில் ஜமுனா என்றொரு பெண்..." வேண்டாம். வேடிக்கை பார்ப்பது போல இருக்கிறது.

இரண்டாவது: சகாதேவனின் மனைவி ஜமுனா மறுபடியும் பழவேற்காட்டு ஏரிக்கு வந்தாள். வீட்டில் அரிசி இல்லை. வலையில்லாமல், கலங்கல் தண்ணீருக்குள் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பது அவள் பிழைப்பு. பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

"இன்னாடி, எறங்காம நிக்கிற?" என்றாள் நாத்தனார் வசந்தா.

"அவரு கையில பட்டுட்டா இன்னா பண்றது அண்ணி?"

"பட்டாதான்டி காரியம் பண்ண முடியும். ஒடம்பு இல்லாம பண்ணக்கூடாதுனு எங்க நைனா ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

3

எனக்குப் பொறுக்கவில்லை. ஜமுனாவை அப்படியே தூக்கிக் காஷ்மீரில் வைத்தேன். எழுதுகிறவனுக்கு டிக்கெட்டா எடுக்க வேண்டும்? கீழ்த்தட்டில், முழங்கால் அளவுத் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது.

"மேல வுட்டதெல்லாம் இங்க வந்துடுமா?" என்று கேட்டாள்.

"வந்துடும்மா. அப்படித்தான் கட்டியிருக்காங்க."

"எங்க ஏரி அப்பிடியில்ல. கடலு உள்ள தள்ளும், திரும்ப இழுக்கும்." மேல்தட்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க அவரு வரும்போதே கண்ணுக்குத் தெரிஞ்சுடும் சார். என்னால முடியாது. கலங்கல்லயே வுட்டுடுங்க."

நல்லது செய்வதாக நினைத்தேன். அவளுக்கு நான் செய்தது கொடுமை.

4

திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டேன்.

முடிவு அ: கிடைத்துவிடுகிறான். காரியம் நடக்கிறது.

முடிவு ஆ: கிடைக்கவே இல்லை. ஜமுனா காலமெல்லாம் இந்த ஏரியில்தான் கைவிட்டுப் பிழைக்கிறாள்.

முடிவு இ: சகாதேவன் வேறொரு கரையில் உயிரோடு (எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. நிறுத்திவிட்டேன்.)

இப்போது அவள் கழுத்து வரை தண்ணீரில் குந்தியிருக்கிறாள். பறியில் பாதிக்கு இறால். சேற்றுக்குள் கை எதையோ பற்றியிருக்கிறது; விடவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"இன்னாடி அது?" என்கிறாள் வசந்தா.

ஜமுனா பல்லில் பறியைக் கடித்திருக்கிறாள். வாயைத் திறந்தால் இன்றைய சோறு தண்ணீரோடு போய்விடும். திறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தே ஆகவேண்டும் என்றால், நீங்கள் கேளுங்கள்.