மூன்றாவது சிவப்பு பல்பு

மின்துறை அதிகாரி தெருமுனையில் ஜீப்பை விட்டு இறங்கியபோது சாவியக்கா பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் கோணிக்கொண்டு போனது. இன்று வருவார்கள் என்று தெரியும். இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தாள்.

அந்தச் சாவியால்தான் அவளுக்கு அந்தப் பெயர். கோடைக்குக் கோடை அரசாங்க மின்கம்பி கைவிட்டதில் வெறுத்துப்போன தெரு, கம்பியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கூரைகளில் சோலார் தகடுகளைப் போட்டு, பழைய கிடங்கின் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் பேட்டரிகளை அடுக்கித் தன் மின்சாரத்தைத் தானே செய்துகொண்டது. விளக்கும் மின்விசிறியும் எல்லோருக்கும் எந்நேரமும் உண்டு. பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர் மட்டும் வாசலில் சிவப்பு பல்பைப் போட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பல்புதான். மூன்றாவது எரிந்தால் தெரு முழுக்க அணைந்தாலும் அணைந்துவிடும். பேட்டரி அறையின் சாவியையும் யாருக்கு எப்போது என்று சொல்லும் வேலையையும் எல்லோரும் கை தூக்கி அவள் தலையில் கட்டினார்கள். கட்டிய மறுநாளே, தம்பிக்கு மட்டும் சலுகை காட்டுவாள் பாருங்கள் என்று பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தெருவில் இருப்பதிலேயே பெரிய மோட்டார் ஊர் வாய்தான். அதற்கு மட்டும் பல்பு கிடையாது.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. ஒரு தெருவுக்கு ஒரே மின்சாரம். ஒரே ஒருவர் கேட்டாலும் அரசாங்கக் கம்பி உள்ளே வந்துவிடும், பேட்டரி அறைக்கு சீல் விழும். யாரும் கேட்கக் கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசி வைத்திருந்தார்கள். அப்படியும் யாரோ போய்க் கேட்டுவிட்டார்கள். யாரென்பதில் சாவியக்காவுக்குச் சந்தேகமே இல்லை. மாவு மில்காரர்தான். முறை முடிந்துவிட்டது, மோட்டாரை நிறுத்துங்கள் என்று அவரிடம் நாலு பேர் முன்னால் சொன்னதிலிருந்து மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்.

அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை. வியர்த்து வழிந்தபடி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். இணைப்புக் கேட்டவருடைய இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அறையின் சாவியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இது நாங்கள் வெயிலில் நின்று கட்டியது, உங்களிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லையே என்று அவள் பொரிந்து தள்ளினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஒரு வீட்டுக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு பக்கத்து வீடு முடிவு பண்றதும் சரியில்லையே."

"எங்கயோ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நீங்க முடிவு பண்றது மட்டும் சரியா?"

அவர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். அவளும் பின்னாலேயே போனாள். சலவைக்கடை வாசலில் ஒரு சிவப்பு பல்பு எரிந்தது. மில் வாசலில் இன்னொன்று. புருவமெல்லாம் மாவோடு மில்காரர் வெளியே வந்து நின்றார். மாட்டிக்கொண்டாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதிகாரி மில்லைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். இடம் தெரியாமல் போகிறார் போல என்று கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். மில்லுக்கு அப்பால் ஒரே ஒரு கடைதான் உண்டு.

தம்பி வெல்டிங் பட்டறையின் படியில் உட்கார்ந்திருந்தான். மடியில் முகமூடி. சுவரில் பாதி முடிந்த இரும்புக் கதவு ஒன்று சாய்ந்திருந்தது. அதிகாரியைப் பார்த்து அவன் ஆச்சரியப்படவில்லை.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உங்கிட்ட கேட்டுக் கேட்டுத்தானேக்கா அவங்ககிட்ட போனேன்." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "மில்லுக்காரரு கேட்டா கொஞ்சமாச்சும் யோசிப்ப. நான் கேட்டா யோசிக்காமலே இல்லம்ப."

கூடப் பிறந்தவனே இப்படிச் செய்துவிட்டானே என்று பொங்கிக்கொண்டு வந்த கோபம் பாதியிலேயே நின்றுபோனது. அவன் சொன்னதில் பொய் இல்லை. சலவைக்காரி அவசரம் என்றால் முறையை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். மில்காரருக்கும் கொடுத்திருக்கிறாள். இவனுக்கு மட்டும் யாருக்கும் வேண்டாத நேரத்தை ஒதுக்கினாள். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று ஊர் வாயை அடைக்கப் போய், அவன் பட்டறையை அடைத்து வைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது.

வேண்டாம் என்று தம்பி தன் வாயால் சொல்லிவிட்டால் இப்படியே திரும்பிப் போய்விடுவதாக அதிகாரி சொன்னார். இல்லாவிட்டால் சாவி. சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். சொல்லுடா என்று அவள் ஒரு அதட்டல் போட்டால் அவன் சொல்லிவிடுவான். சின்ன வயதிலிருந்தே அவள் அதட்டியதை அவன் மீறியதில்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அதட்ட வாய் வரவில்லை.

அவனைத் தாண்டிப் படியேறி, நிலைக்குப் பக்கத்திலிருந்த சுவிட்சைத் தட்டினாள். மூன்றாவது பல்பு எரிந்தது. அதே சுவிட்சில் உள்ளே வெல்டிங் மெஷினும் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"எரியட்டும்டா. அந்தக் கதவ முடி."

யாரோ ஐயோ என்றார்கள். திறந்த ஜன்னல்களுக்குள் மின்விசிறிகள் தொய்ந்தன. சலவைக்கடை பல்பு மங்கி நடுங்கியது. மில்காரர் மூன்று பல்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மாவு முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. விடுவிடென்று உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் மில்லின் இரைச்சல் தணிந்து, தணிந்து, நின்றது. அவர் வாசல் பல்பு அணைந்தது. மின்விசிறிகள் மறுபடி வேகம் பிடித்தன.

அதிகாரியின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. தம்பி எழுந்தான். அவரிடம் ஏதாவது சொல்வான் என்று சாவியக்கா காத்திருந்தாள். அவன் முகமூடியை மாட்டிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். அழுகிறானா, முறைக்கிறானா என்று தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடியில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது.