சீதன வீட்டின் உறுதி

சூரிச்சில் என் சொத்துக் காரியங்களைப் பார்க்கும் வெள்ளைக்காரர் ஒரு படிவம் தந்தார். நான் செத்தால் எந்த நாட்டில் உள்ளது யாருக்கு என்று எழுதவேண்டுமாம். சுவிஸில் உள்ளதற்குச் சுவிஸில் ஒரு மரண சாசனம், இலங்கை வீட்டுக்கு இலங்கையில் இன்னொன்று. வீட்டை என் பெயரில் எழுதிய உறுதியின் மூலப்பிரதியும் வேண்டும். கடைசி வரியில் ‘அங்கே உங்கள் நம்பிக்கைக்குரியவர்’ என்று ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. தங்கையின் புருஷன் சுபாகரனின் பெயரைப் பென்சிலால் எழுதினேன்.

பென்சிலால்தான். என் புத்தி அப்படி.

ஆரையம்பதி வீடு எனக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். தங்கை றஜிதாவுக்கும் ஒன்று கட்ட அப்பா நினைத்திருந்தார், அதற்குள் கண்ணை மூடிவிட்டார். நான் சுவிஸ் போனபோது அவளை என் வீட்டில் இருத்தி, என் பெயரால் கையெழுத்து வைக்கச் சுபாகரனுக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தேன். பதினாறு வருடம் ஒரு குறையும் இல்லை.

உறுதியைக் கேட்டதும்தான் தொடங்கியது.

“அது பெட்டிக்குள்ள இரிக்கிகா,” என்றாள் றஜிதா. அடுத்த கிழமை, “திறப்பு இவரிட்ட.” அதற்கடுத்த கிழமை தொலைபேசியை எடுக்கவேயில்லை. எனக்கு நித்திரை போய்விட்டது. வீடில்லாத தங்கை, என் வீட்டில், எனக்காகக் கையெழுத்து வைக்கும் புருஷனோடு. வேறென்ன நடக்கும்?

சொல்லாமல் கொள்ளாமல் மட்டக்களப்புக்கு வந்து, டவுனில் அறை எடுத்தேன். மறுநாள் காலையில் காணிப் பதிவகத்தில் பார்த்தால் வீடு என் பெயரில்தான் இருந்தது. மனம் ஆறவில்லை. இன்னும் மாற்றவில்லை என்றால் இனித்தான் மாற்றப்போகிறார்கள். அதன் கீழே ஒரு வழக்கு இலக்கம் வேறு. சுபாகரன் வீட்டை ஈடு வைத்துக் கடன்பட்டு மாட்டிக்கொண்டார் என்று முடிவுகட்டினேன். நீதிமன்றம் கூப்பிடு தூரம், போய்க் கேட்டிருக்கலாம். நான் நேரே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன்.

“அவரிட்ட ஒருக்கா கேட்டுப் பாத்தீங்களா?” என்றார் நொத்தாரிசு.

“கேட்டா உசாராகிருவார்.”

பத்தரை மணிக்கு, சுபாகரனுக்குக் கொடுத்த தத்துவத்தை ரத்துச் செய்து கையெழுத்து வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

வீட்டுக்குப் போனபோது றஜிதா றால் உரித்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். பின்வளவில், வாவிக் கரைப்பக்கத்துப் பாதியை ஒரு தகர வேலி மறித்து நின்றது.

“அது ஆர் போட்ட வேலி?”

அவள் பதில் சொல்லுமுன் சுபாகரன் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கோப்பு.

“நல்ல நேரத்திலதான் வந்திரிக்கீங்க மச்சாள். நாளைக்கு வழக்கு.”

பக்கத்து வளவுக்காரர் பத்து வருடத்துக்கு மேல் தான் ஆண்டு வந்ததாகச் சொல்லி வேலியும் போட்டு அந்தப் பாதியைக் கேட்கிறாராம். என் தத்துவத்தை வைத்து மூன்று வருடமாகச் சுபாகரன் வழக்காடுகிறார். உறுதி நீதிமன்றத்தில் கிடக்கிறது.

“ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“சொன்னா வித்துப் போடுவம் எண்டுவீங்க,” என்றாள் றஜிதா. “கூரை ஒழுகுது எண்டதுக்கே அப்பிடித்தான் சொன்னீங்க. வித்தா நாங்க எங்ககா போற?”

சொன்னேன்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது. காலையில் செய்ததைச் சொன்னேன். றஜிதா எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். சுபாகரன் சத்தம் போடவில்லை. கோப்பை மேசையில் என் பக்கமாக வைத்தார்.

“இப்பவே போய்த் திரும்ப எழுதித் தாறன்,” என்றேன்.

“வேணாம் மச்சாள். நாளைக்கு உங்களோட வாறன், சட்டத்தரணியையும் காட்டுறன். கையெழுத்து வைக்க இனி என்னால ஏலா. வழக்குத் தோத்தா நான்தான் தோக்க வெச்சன் எண்டு நினைப்பீங்க.”

நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம், வழக்கோ இன்னும் வருடக்கணக்கில் இழுக்கும். நான் போனபின் இந்த வளவுக்காக நீதிமன்றம் ஏறி நிற்க எனக்கு வேறு ஒருவரும் இல்லை. அவசரமாகக் கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்து அவர் முன் விரித்தேன்.

“இஞ்ச பாருங்க. உங்கட பேரைத்தான் எழுதியிரிக்கன்.”

அவர் தாளைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பென்சிலாலயா மச்சாள்?” என்றார்.