கண் வரைக்கும் வந்த பேத்தி

தூரதேசத்தில் இருக்கும் மூத்த மகள் தன் கைக்குழந்தையின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். இளைய மாப்பிள்ளையின் மாமனார் வீட்டில், பழைய கம்ப்யூட்டரில் அது மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் சுவர் வந்தது. பிறகு தலைமுடி, நெற்றி, அப்புறம் ஒருவழியாக இரண்டு கண்கள். மூக்கு வரவேண்டிய நேரத்தில் சொல்லி வைத்தாற்போல் லைன் அறுந்தது. காலையிலிருந்து இதே கதைதான்.

மூக்குதான் முக்கியம். குழந்தைக்குத் தன் மூக்கு என்று மாமனார் சொல்ல, தன் பிறந்த வீட்டு மூக்கு என்று மாமியார் சொல்ல, ஒரு வாரமாக அந்த வீட்டு அடுப்பில் எது கொதித்ததோ இல்லையோ, இந்த விவகாரம் கொதித்துக்கொண்டே இருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அந்த இளைய மாப்பிள்ளைதான். மனைவிக்கு அன்று வேலை இருந்ததால், சாயங்காலம் அவள் வந்து சேர்ந்துகொள்வாள் என்று தனியாக முன்னால் வந்திருந்தார். கல்யாணப் பேச்சின்போது யாரோ, பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான் என்றார்கள். பொய்யில்லை. எந்தக் கம்பெனி, அதில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் இருந்தது குடோனில். எந்த அட்டைப்பெட்டியை எதன்மேல் அடுக்கலாம், எதை அடுக்கினால் எது நசுங்கும் என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெட்டிக்குள் இருக்கும் சாமானோடுதான் அவருக்கு அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனாலும் முதல் தடவை லைன் போனபோது, "இதெல்லாம் ஒரு விஷயமா, நான் பாத்துக்கறேன் மாமா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். போன் ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினார். போன் லைனில் இன்டர்நெட்டை இழுத்துவரும் மோடத்தைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். அது ஒவ்வொரு தடவையும் டயல் செய்து, கீச்சென்று கத்தி, கரகரவென்று தொண்டையைச் செருமி, விளக்குகளை மினுக்கி, கண் வரைக்கும் பேத்தியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுக் கவிழ்ந்தது. மாமனார் பொறுமையாகத்தான் இருந்தார். அந்தப் பொறுமைதான் மாப்பிள்ளையைக் கொன்றது.

கடைசியில் மாமனார் சட்டைப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்தார். இன்னொரு தடவை போனால் கடையிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடலாம் என்றார். மாப்பிள்ளை கார்டை எட்டிப் பார்த்தார். அது அவர் வேலை செய்யும் கம்பெனியின் கடையேதான். மெக்கானிக் வந்து, என்ன சார், குடோனைப் பூட்டிவிட்டு இங்கே என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், இந்த வீட்டில் அவர் மானம் கப்பலேறிவிடும்.

மறுபடி டயல் செய்துவிட்டு, நாக்கு வறண்டுபோனதால் தண்ணீர் குடிக்க எழுந்தார். கண்கள் இரண்டும் வந்துவிட்டதாக மாமனார் அறிவித்தார். அதைக் கேட்டதும் மாமியார் விறுவிறுவென்று படுக்கையறைக்குள் போனார். சொம்பும் கையுமாக மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியபோது, மாமியார் அங்கிருந்த இன்னொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அக்கா, கண்ணு வந்துடுச்சு. நம்ம அம்மா கண்ணேதான். கேக்குதா? என்ன இது, ஒரே கீச்சு கீச்சுன்னு..." என்று பேசிக்கொண்டிருந்தார். அதே நொடியில் ஹாலிலிருந்து மாமனார், "போச்சு" என்றார்.

மாமியாரைப் பொறுத்தவரை ஹாலில் இருக்கும் போன் இன்டர்நெட்டுக்கு, படுக்கையறையில் இருப்பது பேசுவதற்கு. இரண்டும் ஒரே லைன், இங்கே ரிசீவரை எடுத்தால் அங்கே இன்டர்நெட் அறுந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பேத்தியின் கண் வந்த சேதியை அக்காவுக்குச் சொல்லப்போய், காலையிலிருந்து மூக்கை அறுத்துக்கொண்டிருந்தார்.

மாமியார் ரிசீவரை வைத்தார். இதை மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மாமனார் கார்டோடு படுக்கையறை வாசலில் வந்து நின்றார். இப்போது சொன்னால் என்ன ஆகும்? மூக்குப் போட்டியில் தோற்றுவிடுவோம் என்று பயந்து லைனை வெட்டினாள் என்பார். அந்தப் பேச்சு இந்த ஜென்மத்தில் ஓயாது. சொல்லாவிட்டால் மெக்கானிக் வருவான்.  மாமனார் ரிசீவரை எடுக்கக் கையை நீட்டினார்.

"மாமா, ஒரே ஒரு தடவை" என்றார் மாப்பிள்ளை. "கோளாறு என்னன்னு கண்டுபிடிச்சிட்டேன். மோடம் ரொம்ப அதிருது. யாராவது கைவச்சு அமுக்கிப் பிடிச்சுக்கணும்."

"அவ்வளவுதானே, நான் பிடிக்கறேன்."

"உங்க கை கனமான கை மாமா, அது தாங்காது. அத்தை கைதான் சரி. படம் முழுசா வர்ற வரைக்கும் எடுக்கவே கூடாது."

தன் கை கனமான கை என்றதில் மாமனாருக்கு ஏகப் பெருமை. மாமியார் எதுவும் கேட்காமல் வந்து உட்கார்ந்து, மோடத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். சுவர் வந்தது. நெற்றி வந்தது. கண்கள் வந்தன. மாமியார் அசையவில்லை. மாப்பிள்ளை மூச்சுவிடவில்லை.

மூக்கு வந்தது. நீளமாக, நடுவில் ஒரு மேட்டோடு, நுனியில் லேசாக வளைந்து வந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை, மூத்த மகள் வீட்டுச் சம்பந்தியின் மூக்கு. பெரியவரே தொட்டிலில் படுத்திருப்பது போலிருந்தது. 

மூக்கில் தோற்றவர் வேறு எதிலாவது ஜெயித்தாக வேண்டும். மாமனார் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, ஹால் போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும், மெக்கானிக்கெல்லாம் தூசு என்றார். தம்பி வீட்டுக் கம்ப்யூட்டரும் இரண்டு மாதமாகப் படுத்துக் கிடக்கிறதாமே, அடுத்த வாரம் மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

 மாமியார் அப்போதுதான் மோடத்திலிருந்து கையை எடுத்தார். கணவருக்குக் கேட்காதபடி குனிந்து மெல்லிய குரலில் சொன்னார்:

"நானும் கூட வர்றேன் மாப்பிள்ளை. அங்க எதைப் பிடிச்சுக்கணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."