சகாயம்மாள் கேட்ட நல்ல மரணம்

பூசைக்குப் பேர் எழுதிக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்த உபதேசியாரை நான் கோயிலுக்குள்ளேயே வைத்துத் திட்டியது மேலப்புதூரில் எல்லாருக்கும் தெரியும். திட்டாமல் என்ன செய்வது? ஞாயிறு காலைப் பூசையில் சாமியார், "பிலோமின்ராஜ், சகாயம்மாள் இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று வாசிக்கிறார். சகாயம்மாள் என் கூடப்பிறந்த அக்கா, பிலோமின்ராஜ் அவள் புருஷன், என் அத்தான். அத்தானோடு வேளாங்கண்ணி போயிருக்கிறாள் என்று அவள் மகன் பிராங்க்ளின்தான் என்னிடம் சொல்லியிருந்தான். உயிரோடு இருக்கிறவளுக்கு இளைப்பாற்றிப் பூசையா?

"கல்யாண நாளுக்கு நன்றிப் பூசை கேட்டிருப்பாங்க. நீங்க தூங்கிக்கிட்டே மாத்திட்டீங்க" என்றேன்.

"இல்லைங்க டீச்சர். பெலிண்டான்னு ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சு. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்களே. இறந்தவங்களுக்கான பூசைதானான்னு திருப்பிக் கேட்டேன். ஆமான்னு சொல்லிட்டு அழுதுச்சு."

பெலிண்டா என் அக்கா மகள். புகுந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து, அண்ணன் பிராங்க்ளினோடு அப்பன் கட்டிய பெரிய வீட்டில் இருந்தாள். அத்தானும் அக்காவும் ஸ்ரீரங்கத்தில் ஆற்றோரம் வாங்கிய புது வீட்டுக்குக் குடி போயிருந்தார்கள். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்துக் கொழித்தவர் அத்தான். கடைசிக் காலத்தில் லால்குடி வயலை முதியோர் இல்லத்துக்கு எழுதி வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இரண்டும் அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தன. எந்த வீட்டில்தான் இல்லை, ஆறிப்போகும் என்று நினைத்தேன்.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிராங்க்ளின் சிரித்த முகமாக, "வாங்க சித்தி, காபி சாப்பிடுறீங்களா?" என்றான். நான் பெலிண்டாவைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"ஏண்டி, உங்க அம்மாவுக்கு எதுக்குடி இளைப்பாற்றிப் பூசை?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. தங்கை பக்கம் திரும்பி, "கோயிலுக்கா போன? உனக்குப் புத்தி இருக்கா?" என்று கத்தினான். அவள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம போயிட்டாங்க சித்தி. கடைசியா எண்ணெய் தொட்டு வைக்கிற அவஸ்தைப் பூசுதல் இல்லாம போயிட்டாங்க. ஒரு பூசையாவது வேணாமா?"

இரண்டு பேருக்கும் பாலில் விஷத்தைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். கலந்தவன் அவன், கொண்டுபோய்க் கொடுத்தவள் இவள். ஸ்ரீரங்கம் வீட்டின் கதவைப் போலீஸ் திறந்தபோது நான் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

ஊரில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று பேசினார்கள். சொத்து யாருக்கு என்பதுதான் முக்கால்வாசிப் பேருக்குக் கவலை. எனக்குக் கவலை வேறு. அக்கா கல்யாணமான நாளிலிருந்து சூசையப்பரிடம் ஒன்றைத்தான் கேட்டாள். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. நல்ல மரணம் வேண்டும் என்று கேட்டாள். சாமியார் பக்கத்தில் இருக்க, செய்த பாவத்துக்கெல்லாம் மனம் வருந்தி, ஜெபம் காதில் விழக் கண்ணை மூட வேண்டும். "எனக்கு முடியாமப் போனா முதல்ல டாக்டரைக் கூப்பிடாத, சாமியாரைக் கூப்பிடு" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதையல்லவா இந்தப் பாவிகள் பறித்தார்கள்! அவள் ஆன்மா எங்கே அலைகிறதோ என்று தூக்கமில்லாமல் கிடந்தேன்.

இருவருக்கும் ஆயுள் தண்டனை. நான் இருவரையும் எட்டிப் பார்க்கவில்லை. சிறைக்குப் போய் ஜெபம் சொல்லிவரும் கன்னியாஸ்திரீ ஒருவர் வீட்டுக்கு வந்து, "பெலிண்டா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணுமாம். அம்மா சம்பந்தப்பட்டதாம்" என்றதும்தான் கிளம்பினேன். அவளுக்காக இல்லை, என் அக்காவுக்காக.

பெண்கள் சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பரிதாபப்பட்டுவிடக் கூடாது என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"சொல்லு."

"கோர்ட்ல சொல்லாத ஒண்ணு இருக்கு சித்தி. பாலைக் குடிச்சிட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. 'அப்பா அசந்து தூங்கிட்டாரு, நாம ஜெபம் சொல்லுவோம் வா'ன்னாங்க. நானும் பக்கத்துல முழங்கால்ல நின்னேன். மனஸ்தாப மந்திரம் சொன்னோம்."

வலைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். சாமியார் இல்லாத இடத்தில், செய்த பாவத்துக்கு உண்மையாக மனம் வருந்தி அந்த மந்திரத்தைச் சொன்னால் போதும், மன்னிப்பு உண்டு என்று ஞான உபதேச வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"முழுசா சொன்னாங்களா?"

"முழுசா சொன்னாங்க. சிலுவை போட்டுக்கிட்டுத்தான் படுத்தாங்க."

அழுதேன். என் அக்கா கேட்டது அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சாமியார் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆறுதல் எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் போய்விட்டது.

"அப்போ அவ நல்லா பேசிக்கிட்டுத்தானே இருந்தா?"

"ஆமா சித்தி."

"வாசல்ல கார் நின்னுச்சுல்ல?"

"நின்னுச்சு." தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பவே தூக்கிட்டு ஓடியிருந்தா பொழைச்சிருப்பாங்க. எனக்குத் தெரியும். இனிமே பாவம் செய்ய மாட்டேன்னு சொல்ற இடம் வந்துச்சு. அம்மா சொன்னாங்க. எனக்கு வாய் வரல, நிறுத்திட்டேன். 'என்னம்மா, தூக்கமா? போய்ப் படு'ன்னாங்க. போய்ப் படுத்துட்டேன்."

போய்ப் படுத்தாளாம். வலையைப் பிய்த்துக்கொண்டு போய் அறையலாம் போல இருந்தது. அவள் பிறந்தபோது முதன்முதலில் குளிப்பாட்டியவள் நான்தான். அதுவும் அந்த நேரத்தில்தானா ஞாபகம் வர வேண்டும்.

நேரமாகிவிட்டது என்று காவலர் குரல் கொடுத்தார்.

"நிறுத்தின இடத்துலேருந்து சொல்லு" என்றேன்.

பெலிண்டா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். நடுவில் இரண்டு தரம் நிறுத்தி, திரும்ப ஆரம்பித்தாள். நான் கூடச் சேர்ந்து சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. ஆனால் அவள் ஆமென் சொல்லும்வரை எழுந்து போகவும் இல்லை.