ஆத்தா சின்னவன் பங்கு

அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. பெயர் இலக்கியாவாம். நாமக்கல்லில் ஏதோ காலேஜில் படிக்கிறாளாம். வயசானவர்கள் எப்படி இருக்கிறார்கள், அவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் ஆராய்ச்சி செய்கிறாளாம். கொடிக்காலில் நோய் விழுந்து வெற்றிலை அத்தனையும் கருகியபோது எட்டிப் பார்க்காத படிப்பு, எழுபது தாண்டிய நான் எப்படிக் கக்கூஸ் போகிறேன் என்று பார்க்க மட்டும் நாமக்கல் பக்கத்து எங்கள் வேலூருக்கு பஸ் ஏறி வந்துவிட்டது.

"அய்யா, நீங்களாவே குளிச்சுக்குவீங்களா? ஆராச்சும் ஒத்தாசைக்கு வேணுமாங்க?" என்றாள்.

"எங்க மாமனாருக்கு ஒரு கொறையும் இல்லீங்க. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மாத்திரை. எல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. என் மூத்த மருமகள் அன்புச்செல்வி. என்னைக் கேட்டால் அவள் பதில் சொல்வாள். இந்த வீட்டில் அதுதான் சட்டம்.

"அக்கா, பெரியவங்களத் தனியா வெச்சுத்தான் கேக்கோணும்னு எங்க மேடம் சொல்லிருக்காங்க. கொஞ்ச நேரம் உள்ள இருக்கறீங்களா?" என்றாள் அந்தப் பெண். மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் அந்தப் பெண் மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது.

"சம்சாரம் இருக்காங்களாங்க?"

"இருக்கறா. மோகனூர்ல. எங்க ரண்டு பேரையும் கூறு போட்டுட்டானுங்க" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. விவரமாகச் சொன்னேன். சொத்தைப் பாகம் பிரித்த அன்றைக்குப் பங்காளிகளும் மாமன் மச்சான்களும் உட்கார்ந்து கொடிக்காலைப் பிரித்தார்கள், கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்தார்கள், தென்னை மரத்தை எண்ணிக் கொடுத்தார்கள். கடைசியில் மூத்தவன் அன்பரசு எழுந்து, "அப்பா எங்கூட இருக்கட்டுங்க, அம்மா தம்பிகூட இருக்கட்டுங்க" என்றான். சின்னவன் நவீன்குமார் தலையை ஆட்டினான். எங்கள் பக்கம் இப்படி நடப்பதுதான். ஒரே வீட்டுக்கு இரண்டு வாய் பாரம் என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் எருமையையும் கன்றையும் தனித்தனியாக விற்கவே யோசிக்கிற ஊரில், என் வீட்டில் இது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் சம்சாரம் குப்பாயி வாயே திறக்கவில்லை. அவள் என்றைக்குத் திறந்தாள்?

காலமெல்லாம் எனக்குப் பொங்கிப் போட்டவள். நான் கை கழுவி எழுந்த பிறகுதான் தட்டைத் தொடுவாள். குழம்பில் உப்புக் கூடினால் சோறு வாசலுக்குப் பறக்கும். மறுபேச்சுப் பேசாமல் வேறு வைத்துக்கொண்டு வருவாள். அப்படி ஒரு பொம்பளை. இப்போது மருமகள் வைத்ததைச் சப்பென்று தின்கிறேன், தட்டை நகர்த்தக்கூட முடியாது. 'பாவம் வேலுசாமி, பெத்த பசங்களே புருசன் பொண்டாட்டியப் பிரிச்சுட்டானுங்க' என்று டீக்கடையில் என் மகன்களைக் காறித் துப்புகிறார்கள். நன்றாகத் துப்பட்டும்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது பெரிய கொடுமைங்கய்யா" என்றாள். மத்தியானம் மோகனூரில்தான் வேலை என்று சொன்னாள். உங்கள் சம்சாரத்தையும் பார்க்கிறேன் என்றாள்.

"நானும் வாரேன்" என்றேன். தோட்டத்தில் இருக்கிற சாளை வீடு பூட்டித்தான் கிடக்கிறது. குப்பாயியைக் கூட்டி வந்து இரண்டு பேரும் அங்கேயே தனியாக இருந்துவிடலாம். ஒருத்தன் தயவும் வேண்டாம். மிச்ச நாளைக்கு என் பொண்டாட்டி என் பக்கத்தில் இருக்க வேண்டும், வேறெதுவும் நான் கேட்கவில்லை.

சட்டையை மாட்டும்போது அன்பரசு வந்துவிட்டான். "போகாதீங்கப்பா. அம்மாள உட்டுருங்க" என்றான்.

"நீ ஆருடா என்னயத் தடுக்க? பெத்தவங்களப் பிரிச்ச பாவி."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான். அந்தப் பெண்ணோடு பஸ் ஏறினேன்.

மோகனூரில் சின்னவன் வீட்டு வாசலில் வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டுக் குப்பாயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு ராமாயியோடு நிலக்கடலையை உரித்து வாயில் போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள். சதை போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து நின்றாள்.

"துணிமணிய எடு. சாளைக்குப் போறம்" என்றேன்.

அவள் நகரவில்லை. இலக்கியா நடுவில் வந்து, "இருங்கய்யா. இவங்களையும் தனியாக் கேக்கோணும்" என்றாள்.

"அவளக் கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

"உங்களக் கேட்டனில்லீங்க?"

ராமாயி எழுந்து போனாள். நான் போகவில்லை. "அவரும் இருக்கட்டும் சாமி" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள் குப்பாயி.

"அம்மா, அய்யாகூடச் சேந்து இருக்க ஆசையாங்க உங்களுக்கு?"

குப்பாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். "இல்ல சாமி."

"இதுக்குத்தான் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கானா உன்ற பையன்?" என்று கத்தினேன்.

"ஆரும் சொல்லித் தரலீங்க." இப்போது என்னைப் பார்த்தே பேசினாள். "பாகம் பிரிக்கறதுக்கு முன்னாடி பசங்க ரண்டு பேரையும் கூப்புட்டு நாந்தானுங்க கேட்டேன். எனக்கு நெலம் வேண்டாம், நகை வேண்டாம், நீங்க ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் இருந்தாப் போதும்னு. இந்த வயசுல பொண்டாட்டி உட்டுட்டுப் போயிட்டானு ஊரு உங்களச் சிரிக்குமேன்னு பெரியவன்தான் பழியத் தலைல போட்டுக்கிட்டான். எங்க பேரு கெட்டாக் கெடட்டும்மான்னான்."

"நான் உன்னய என்னடி பண்ணுனேன்?"

"இங்க பசிக்கறப்பச் சாப்படறனுங்க" என்றாள்.

நன்றி கெட்டவளே என்றேன். இன்னும் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அக்கம்பக்கத்தில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். இலக்கியா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டில் அன்பரசு வண்டியோடு காத்திருந்தான். என் மூஞ்சியைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. டீக்கடை பெஞ்சிலிருந்து சென்றாயன், "ஏப்பா அன்பரசு, வயசான மனுசன இப்படி ஒத்தையில பஸ்ல அலைய உடறியே. பெத்தவங்களப் பிரிச்சு வெச்ச பாவம் உன்னயச் சும்மா உடுமா?" என்றான். கூட இருந்தவர்களும் ஆளுக்கொரு சொல் சொன்னார்கள். அன்பரசு வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினான்.

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரம்தான் அதிகம். ஒரு வார்த்தை சொன்னால் என் மகன் தலை நிமிரும். சொன்னால் நாளையிலிருந்து அதே பெஞ்சு என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

"பாத்துப் போங்க வேலுசாமி அண்ணா. அந்தப் பய எங்காச்சும் தள்ளி உட்டுருவான்" என்றான் சென்றாயன்.

"என்ன பண்றது, என்ற தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.