அறுபது கிராம்

தாய்ப்பாலின் விலை இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய். எங்கள் வீட்டில் அந்த வாரம் அப்படித்தான் விலை போட்டிருந்தது. கிண்ணியாவில் இருக்கும் என் சில்லறைக் கடையில், சவர்க்காரப் பெட்டிகளுக்கு மேல்தட்டில் நிற்கும் பால்மா டின்னின் விலை அது. மகள் பிறந்த நாலாம் நாள் காலை அதில் ஒன்றைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். சொந்தக் கடைச் சாமான், பேரம் பேச ஆளில்லை.

காரணம் தராசு. பிறந்தபோது பிள்ளை இரண்டு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து என்று ஆஸ்பத்திரியில் கொப்பியில் எழுதித் தந்திருந்தார்கள். எங்கள் வாப்பா தராசுக்குப் பின்னால் நின்றே கிழவனானவர். எனக்கும் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நித்திரை வராது. கடைத் தராசைத் தூக்கிவந்து, தட்டில் துவாயை விரித்து, அதன் நிறையைக் கழித்து, மகளை வெறும் மேனியாகக் கிடத்தினேன். இரண்டு எழுநூறு. நாலு நாளில் இருநூற்றுப் பத்துக் கிராம் காணாமல் போயிருந்தது. வெங்காயம் காய்ந்தால் நிறை குறையும், அது தெரியும். மனுசப் பிள்ளை காயுமா?

"இவளுக்குப் பால் காணாது," என்றா மூத்த மதினி சனூஸா. மாமி இல்லாத வீடு. நாலு பிள்ளை பெற்ற மதினிதான் பிரசவத்து நாற்பது நாளுக்கும் அதிகாரி. மிளகும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறி கோப்பை கோப்பையாக வரும். தண்ணீர் மட்டும் அரைக் கிளாஸ். கூடக் குடித்தால் பெற்ற வயிறு வற்றாமல் அப்படியே வைத்துவிடுமாம்.

என் மனைவி றுமானா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "ஏலாதுண்டா ஏலாதுதானே. டின்ன உடைங்க," என்றாள். கலியாணச் சேலை எடுக்கப்போன அன்று டவுனில் நாலு கடைக்காரரை அழவைத்தவள் அவள். அப்படிப்பட்டவள் பேரமே பேசாமல் விட்டுக்கொடுத்த அந்தக் குரல்தான் எனக்குப் பயத்தைத் தந்தது.

டின் மூடிக்குள் கரண்டிக் காம்பைக் கொடுக்கிற நேரம் வாசலில் ஸ்கூட்டிச் சத்தம். பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்க்க வரும் குடும்பநல மருத்துவிச்சி, மிஸ்ஸி குணேஸ்வரி. கப்பல்துறையில் இருந்து பாலம் தாண்டி வருகிறவர். உள்ளே வந்து டின்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன நானா, வீட்டுக்குள்ளயும் யாவாரமோ?" அண்ணனுக்கு எங்கள் ஊர்ச் சொல் நானா; மிஸ்ஸியும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"புள்ளைக்கு நிறை குறையிது மிஸ்ஸி. இருநூற்றுப் பத்து."

"எல்லாப் பிள்ளைக்கும் முதல் கிழமை குறையும். ஒரு நாளைக்கு எத்தினை தரம் மூத்திரம் போகுது?"

நானும் மதினியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மொத்த விலைக்கு எடுத்த டயப்பர் வீட்டில் அரை மூட்டை கிடந்தது. நல்ல சாமான், எவ்வளவு போனாலும் வெளியே காட்டிக்கொடுக்காது.

மிஸ்ஸி டயப்பரைக் கழற்றி எறிந்தார். இலக்கம் காட்டும் தன் தராசைக் கதவு நிலையில் கொழுவி, அதில் தொங்கிய துணிக்குள் பிள்ளையை இட்டார். இலக்கம் தடுமாறித் தடுமாறி நின்றது. இரண்டு அறுநூற்று நாற்பது.

"என்ட தராசு எழுநூறு காட்டினதே," என்றேன்.

"இது போன கிழமைதான் சரிபாத்தது. நாலு வருஷமா உங்கட கடையிலதான் நான் பருப்பு வாங்கிறன் நானா. இந்த அறுபது கிராமும் ஆருக்குப் போகுது?"

மதினி முக்காட்டுக்குள் சிரித்தா. என் தராசுக்கு முதலாளி மேல் கொஞ்சம் பற்று உண்டென்பது எனக்குத் தெரியாத கதையல்ல. மகளைத் தட்டில் கிடத்தியபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது குறைவு இருநூற்றெழுபது. நான் கதிரையில் உட்கார்ந்தேன்.

"முன்னூறைத் தாண்டினா நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவன்," என்றார் மிஸ்ஸி. "அதுவரைக்கும் டின்னை உடைக்காதைங்கோ. எனக்கு மூண்டு நாள் தாங்கோ."

"கையில முப்பது கிராம்தான் இரிக்கி. ஒரு நாள்."

"இது கடையில்ல நானா. மூண்டு. நாளைக்கும் வந்து நிறுப்பன்."

ஒரு சதமும் குறையாமல் நான் ஒத்துக்கொண்ட பேரம் அது ஒன்றுதான்.

என்னை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார். குரல்கள் மட்டும் வந்தன. "எழும்பி நிமிந்து இருங்கோ. பிள்ளையின்ட வயிறு உங்கட வயித்தோட முட்ட வேணும். காம்பை மட்டும் குடுத்தா அது என்னத்தை உறிஞ்சும்? வாயைப் பெரிசா 'ஆ' எண்டு திறக்கட்டும்... இப்ப!" றுமானா 'ஸ்ஸ்' என்றாள். பிறகு, "இப்ப நோவல்ல மிஸ்ஸி," என்றாள். அதற்குப் பின் ஒரு சின்னச் சத்தம். களுக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் களுக். போத்தலில் எண்ணெய் இறங்குகிற சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பவன் நான். இது இறங்குகிற சத்தம்தான்.

"மதினிக்கு ஒரு வேலை," என்று மிஸ்ஸி உள்ளேயிருந்தே சொன்னார். "பக்கத்தில ஒரு ஜக்குத் தண்ணி எப்பவும் நிக்க வேணும்."

"வயிறு வச்சிருமே மிஸ்ஸி!"

"வயிறு மெல்ல வத்தும். எனக்குப் பால் வேணும்."

மதினி முணுமுணுத்துக்கொண்டுதான் போனா. ஆனால் ஜக்கு நிறைந்து வந்தது.

எனக்கும் வேலை வந்தது. டயப்பர் மூட்டை கடைக்குத் திரும்ப, பழைய சாரங்களைக் கிழித்துப் பிள்ளைக்குக் கட்டும் அணைத்துணி ஆக்கினோம். ஒவ்வொரு ஈரத்துணிக்கும் கலண்டரில் ஒரு கோடு. ஒரு நாளைக்கு ஆறு கோடாவது வேண்டும் என்பது மிஸ்ஸியின் கட்டளை. ஐந்தாம் நாள் ஐந்தோடு நின்றது. தராசில் பத்துக் கிராம் ஏறியிருந்தது. ஆறாம் நாள் ஏழு கோடு. ஏழாவதை, மகளைத் தூக்கிவைத்திருந்த நானே என் சேட்டில் வாங்கினேன். நடுவில் ஒருநாள் ஆளைக் கூப்பிட்டுக் கடைத் தராசைத் திருத்தினேன். ஏனென்று அவன் கேட்கவில்லை, ஆனால் நெடுநேரம் என்னைப் பார்த்தான்.

ஏழாம் நாள் மிஸ்ஸி வந்தார். துணிக்குள் மகள் கொட்டாவி விட்டுக்கொண்டு தொங்கினாள். இரண்டு எழுநூற்று எழுபது. றுமானா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மிஸ்ஸி, நான் குடுத்ததுதானே அது?" என்றாள். "பின்னே, நானாவே குடுத்தவர்?" என்றார் மிஸ்ஸி.

மதினி பிள்ளையை அறைக்குள் தூக்கிப்போனா. மிஸ்ஸி போகும்போது, கடையில் நிறுத்துக் கட்டிவைத்திருந்த ஒரு கிலோ பருப்பைக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. காசை மேசையில் உடைக்காத டின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். இன்னும் கழற்றாமல் தொங்கிய துணிக்குள், மகள் கிடந்த அதே இடத்தில் பருப்புப் பையை வைத்தார். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பை ஆடியது; இலக்கம் ஏறி, இறங்கி, ஆயிரத்தில் வந்து அசையாமல் நின்றது. மிஸ்ஸி தராசைக் கழற்றிப் பையோடு எடுத்துக்கொண்டார்.

"இன்னொண்டு!" என்று அறைக்குள் இருந்து மதினி கத்தினா.

பென்சிலை எடுத்தேன். அன்றைய கணக்கு: மதியத்துக்குள் கோடு நாலு. பிறந்த நிறைக்கு இன்னும் நூற்றுநாற்பது கிராம் பாக்கி.